சீன மருத்துவம் என்றால் அக்குபங்சர் மட்டும்தானா?

ஒருவர் கேட்ட கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. சீன மருத்துவமும், மருந்து ஏற்றாத மெல்லிய ஊசியை உடம்பில் குத்தும் அக்குபங்சரும் ஒன்றா, அது மருந்தே இல்லாத மருத்துவம் என்று சொல்வது உண்மையா, அறுபது தாண்டிய அம்மாவின் முழங்கால் வலிக்குப் போய்ப் பார்க்கலாமா. மூன்றும் பின்னிக் கிடப்பதால் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்தின் பெரும்பகுதி மூலிகை. ஊசி அதில் ஒரு கிளை. பழைய கிளை, முக்கியமான கிளை, ஆனால் கிளைதான். நம்மூரில் "மருந்தில்லா மருத்துவம்" என்று போர்டு வைத்து அதையே சீன மருத்துவம் என்று அறிமுகப்படுத்தியதில், சீனர்கள் காலங்காலமாக மருந்தைத் தொடாமலே வாழ்ந்தார்கள் என்று பலரும் நம்பிவிட்டார்கள். உண்மையில் உலகத்தில் மருந்துப் பொருள்களை விடாமல் எழுதி, வகை பிரித்து, அச்சடித்து வைத்த மரபுகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. மிங் காலத்து மருத்துவர் லி ஷிஜென் கால் நூற்றாண்டுக்கும் மேல் செலவழித்துத் தொகுத்த பென்ஸாவோ காங்மு என்ற மருந்து நூல் 1596-ல் நான்ஜிங்கில் அச்சாகி வந்தது. அதில் 1,892 மருந்துப் பொருள்கள், பதினோராயிரத்துக்கும் மேலான மருந்துக் குறிப்புகள். அவர் அதைப் பார்க்காமலேயே இறந்துபோனார் என்பது வேறு விஷயம்.

இன்றைக்குப் பெய்ஜிங்கிலோ குவாங்ஜோவிலோ ஒரு பாரம்பரிய மருத்துவமனைக்குப் போனால், நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரி மாதிரியே பொது மருத்துவம், பெண்கள், குழந்தைகள், தோல், எலும்பு என்று தனித்தனித் துறைகள் இருக்கும். ஊசி போடுவதும், காய்ந்த மூலிகையைப் பற்றவைத்துத் தோலருகே சூடு காட்டுவதும் அதில் ஒரு துறை. வலி, பக்கவாதம் வந்து கை கால் சரியாக வராதவர்கள், முகவாதம், கழுத்துப் பிடிப்பு என்று பெரும்பாலும் இந்த மாதிரிக் கேஸ்கள்தான் அங்கே போகும். மற்ற டாக்டரிடம் போனவர் நாக்கை நீட்டிக் காட்டி, இரண்டு மணிக்கட்டிலும் நாடி கொடுத்து, தூக்கம், பசி, மலம் எல்லாம் சொல்லி முடித்தபின் வாங்கி வருவது ஒரு மருந்துச் சீட்டு. பத்துப் பன்னிரண்டு சரக்கு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிராம். மருந்துக்கூடத்தில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து நிறுத்துக் காகிதத்தில் கொட்டி ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். வீட்டில் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு மருத்துவமனையே காய்ச்சிச் சின்னப் பைகளில் அடைத்தும் தருகிறது.

ஒரே ஒரு மருந்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் என்ற நூலில் வரும் குய்ஜி கஷாயம். சரக்கு ஐந்துதான்: ஒரு வகை லவங்கப்பட்டை மரத்தின் குச்சி, பியோனி என்ற பூச்செடியின் வேர், அதிமதுரம், இஞ்சி, சீன இலந்தை. குளிர் தாக்கிக் காய்ச்சல் வந்து, வியர்வையும் வந்து, காற்றுப் பட்டாலே உடம்பு கூசுகிறவருக்கு இது. கஷாயத்தைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும், நன்றாகப் போர்த்திக்கொள்ள வேண்டும், உடம்பு லேசாக நசநசவென்று வியர்க்க வேண்டும், தண்ணீராக ஊற்றிவிடக் கூடாது. வியர்த்துவிட்டால் மீதிக் கஷாயத்தைக் குடிக்காதே என்றும் எழுதியிருக்கிறார். மருந்து, அளவு, பத்தியம், எப்போது நிறுத்துவது என்பது வரை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லிக்கொடுத்த ஒரு மரபைத்தான் நாம் மருந்தில்லாதது என்கிறோம்.

மூலிகைப் பக்கத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் அங்கிருந்து வந்தது. நாலாம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர், ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று எழுதி வைத்திருந்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்த சீன விஞ்ஞானி து யூயூ, சூட்டில்தான் சத்து போய்விடுகிறதோ என்று குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்துப் பார்த்தார், 2015-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதே நேரத்தில் மூலிகைதானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில், ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கியா என்ற நச்சுச் செடி இனத்தின் வேர் கலந்துபோனதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலை செய்கிற பொருள் என்றால் கெடுதல் செய்யவும் அதற்குத் தெம்பு உண்டு.

சரி, ஊசிக்கு வருவோம்.

ஐயாயிரம் வருஷப் பழமை என்று போடுவார்கள். மஞ்சள் பேரரசர் என்ற புராண அரசரின் காலத்தை வைத்துச் சொல்லும் கணக்கு அது, அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. கையில் இருக்கும் ஆதாரம் இதைவிடச் சுவையானது. ஹூனான் மாநிலத்துச் சாங்ஷாவில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-ல் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உயிரோட்டம் போகும் வழிகளாக உடம்பில் ஓடும் பதினொரு தடங்களைப் பற்றி அதில் இருக்கிறது. அந்தத் தடங்களில் சூடு போடுவது பற்றி இருக்கிறது. ஊசி இல்லை, ஊசி குத்தும் புள்ளிகளும் இல்லை! அதாவது தடம் என்ற கருத்து முதலில் வந்து, சூடு அதோடு சேர்ந்து, ஊசி பிறகுதான் வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, கி.மு. 113-ல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் மான்செங் கல்லறையில் நாலு தங்க ஊசியும் ஐந்து வெள்ளி ஊசியும் இருந்தன.

இதே காலத்தை ஒட்டித் தொகுக்கப்பட்டதுதான் ஹுவாங்டி நெய்ஜிங், சீன மருத்துவத்தின் மூலநூல். மஞ்சள் பேரரசர் கேட்கிறார், சி போ என்ற மருத்துவர் பதில் சொல்கிறார், நம் பழைய நூல்களில் சிவன் சொல்லப் பார்வதி கேட்கிற மாதிரி உரையாடலாகவே போகும். அதன் இரண்டாம் பகுதியான லிங்ஷு பெரும்பாலும் ஊசியைப் பற்றியது. அதில் வரும் ஒன்பது வகை ஊசிகளைப் பார்த்தால், நாம் இன்று நினைக்கிற மயிரிழை ஊசி அதில் ஒன்றுதான். மற்றவற்றில் சீழ்க்கட்டியைக் கீறும் கத்தி போன்றது உண்டு, ரத்தம் எடுக்கும் மூன்று முனை ஊசி உண்டு, குத்தாமல் தேய்ப்பதற்கு உருண்டை முனை உள்ளதும் உண்டு. அந்தக் காலத்து ஊசி மருத்துவம் பாதிக்குப் பாதி சின்ன அறுவை மருத்துவம். இதைச் சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது மரியாதையைத்தான் கூட்டுகிறது. கையில் இருந்த கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்து மாற்றி வந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி 349 புள்ளிகளைத் தொகுத்தார். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கும் தரப்பட்டியலில் 361. நடுவில் சோங் காலத்தில் நடந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே புள்ளிக்கு ஆளாளுக்கு ஒரு இடம் சொல்லிக்கொண்டிருந்ததால், வாங் வெய்யி என்ற அரசு மருத்துவரின் மேற்பார்வையில் 1027-ல் ஆள் உயரத்தில் இரண்டு வெண்கல மனிதர்களை வார்த்தார்கள். உடம்பெல்லாம் புள்ளி இருக்கும் இடத்தில் துளை. தேர்வு நாளில் வெளியே மெழுகு பூசித் துளைகளை மறைத்து உள்ளே தண்ணீர் நிரப்பிவிடுவார்களாம், மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வரும், தவறினால் ஊசி உள்ளேயே போகாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்முறைத் தேர்வு.

அப்படி வளர்ந்த துறையை 1822-ல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து நீக்கினார். அரசரின் திருமேனியில் ஊசி குத்துவதும் தீ வைப்பதும் தகாது என்பது காரணம். கஷாய மருத்துவம் படித்தவர்களின் மதிப்பில் உயரத்தில் இருந்தது, ஊசி கீழே இறங்கித் தெருவோர வைத்தியமாகிவிட்டது. அப்புறம் 1929-ல் அன்று சீனாவை ஆண்ட குவோமின்டாங் கட்சி அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவத்தையே படிப்படியாக ஒழிக்கும் தீர்மானம் கொண்டுவந்தது. மார்ச் 17 அன்று ஷாங்காயில் நாடெங்குமிருந்து வந்த வைத்தியர்கள் கூடி எதிர்த்தார்கள், தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. அந்த எதிர்ப்பை நடத்தியவர்களில் பெரும்பாலோர் மூலிகை மருத்துவர்கள், மருந்து வணிகர்கள்.

இன்று நாம் கிளினிக்கில் பார்க்கும் அக்குபங்சருக்கு உருவம் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் செங் தான்ஆன். ஊசியை மெல்லியதாக்கினார், நவீன உடற்கூறு பார்த்துப் புள்ளிகளை ரத்தக்குழாய்களிலிருந்து தள்ளி வைத்தார், 1930-களில் ஜப்பான் போய் அவர்கள் பாடம் நடத்தும் விதத்தைப் பார்த்து வந்தார், பள்ளியும் பத்திரிகையும் நடத்தினார். பிறகு கம்யூனிஸ்டு ஆட்சி. நாடு முழுவதற்கும் போதுமான டாக்டர்கள் இல்லை, மருந்து இல்லை, பணம் இல்லை, ஊசிக்கு ஆகும் செலவு குறைவு. 1956-ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு என்று நாலு நகரங்களில் பாரம்பரிய மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். சீன மருத்துவம் ஒரு பெரும் புதையல், அதைத் தோண்டி எடுத்து உயர்த்த வேண்டும் என்று 1958-ல் கம்யூனிஸ்டுத் தலைவர் மாவோ எழுதினார்.

கல்லூரி என்றால் பாடப்புத்தகம் வேண்டும், பாடப்புத்தகம் என்றால் ஒரே கோட்பாடு வேண்டும். குடும்பத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறை என்று கிடந்ததையெல்லாம் சேர்த்துக் கோத்தது இந்தக் காலத்தில்தான். நாடி, நாக்கு, அறிகுறி பார்த்து "நோய்நிலை" ஒன்றைத் தீர்மானி, அந்த நோய்நிலைக்குக் கஷாயமோ ஊசியோ கொடு என்று இன்று சொல்லித்தரும் வரிசை பெரிதும் கஷாய மருத்துவர்களின் சிந்தனை. பழைய ஊசி மருத்துவர்கள் பலர் தடம் எங்கே ஓடுகிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது என்று பார்த்தே வேலை செய்தார்கள். ஏழாம் நூற்றாண்டின் சுன் ஸிமியாவ் சொன்ன ஒரு வழி, அழுத்தும்போது நோயாளி "ஆ, அங்கேதான்" என்று கத்தும் இடத்தில் போடு என்பது. அதை இன்றும் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

வெளிநாட்டுக்கு இது போன கதையில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும், அதையும் நேராக்கிவிடுகிறேன். 1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளருக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. ஊசியால் மயக்கம் கொடுத்து அறுத்தார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். அப்படி நடக்கவில்லை, வழக்கமான மருந்து கொடுத்து மரக்கச் செய்துதான் அறுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோது முழங்கைப் பக்கமும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி போட்டு, கூடவே சூடும் காட்டினார்கள், ஒரு மணி நேரத்தில் சுகமாக இருந்தது என்று அவரே எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனார், அமெரிக்காவே ஊசி பைத்தியம் பிடித்து அலைந்தது. மேற்கே போனது ஊசிதான், கஷாயம் அவ்வளவாகப் போகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அதிசயம் ஊசி; கசப்பான கறுப்புத் தண்ணீருக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. சீன மருத்துவம் என்றால் ஊசி என்று உலகம் நினைக்க ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

இந்தியாவுக்கு வேறொரு வழியில் வந்தது, இது கொஞ்சம் பெருமைப்படக்கூடிய கதை. ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் 1938-ல் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் அங்கேயே 1942-ல் இறந்துபோன டாக்டர் கோட்னிஸ் பெயர் பலருக்குத் தெரியும். கூடப் போன கல்கத்தா டாக்டர் பி.கே. பாசு 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து வங்காளத்தில் ஆரம்பித்து வைத்தார். தெற்கே இலங்கையில் கொழும்பு களுபோவில ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜயசூரிய பல நாட்டவருக்குச் சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் ஒற்றை ஊசி முறை, ஊசியே இல்லாமல் விரலால் தொடும் முறை இதெல்லாம் பின்னால் இங்கே கிளைத்தவை. சீனக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர் ஒரு அமர்வுக்குப் பத்து ஊசிக்கு மேல் சாதாரணமாகப் போடுவார். இங்கே ஒரு தொடுதலோடு முடிகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு நடைமுறை, ஒன்றைப் பற்றி நடந்த ஆராய்ச்சியை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

கோட்பாடு என்ன என்று கேட்டால் சுருக்கமாக இவ்வளவு. உடம்பில் "சி" என்ற உயிரோட்டம் பன்னிரண்டு தடங்களில் ஓடுகிறது, முன்னும் பின்னும் நடுக்கோட்டில் ஓடும் இரண்டைச் சேர்த்தால் பதினான்கு. லிங்ஷுவே இந்தப் பன்னிரண்டையும் நாட்டின் பன்னிரண்டு ஆறுகளோடு ஒப்பிடுகிறது. விரல் நுனியில் கிணறு, அப்புறம் ஊற்று, ஓடை, ஆறு, முழங்கை முழங்கால் பக்கம் வரும்போது கடல் என்று புள்ளிகளுக்கு வகைப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஒற்றை ஊசிக்காரர்கள் பெரும்பாலும் கை வைப்பது இந்தப் புள்ளிகளில்தான். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து நிலைகள் இதோடு சேரும். அதை நம் பஞ்சபூதத்தோடு ஒட்ட வைக்காதீர்கள், அதில் காற்றும் இல்லை ஆகாயமும் இல்லை, ஒன்று இன்னொன்றை வளர்க்கும், ஒன்று இன்னொன்றை அடக்கும் என்ற சுழற்சிதான் அதன் உயிர். "உங்கள் கல்லீரலில் பிரச்சினை" என்று அக்குபங்சர்காரர் சொன்னால் உடனே பயந்து ஸ்கேன் எடுக்க ஓடவும் வேண்டாம், ஏனென்றால் அவர்கள் கல்லீரல் என்பது கோபம், கண், தசைநார், மாதவிடாய் எல்லாவற்றையும் சேர்த்த ஒரு செயல்பாட்டுத் தொகுதி. மூவெப்பம் என்று ஒரு உறுப்பு சொல்வார்கள், அறுத்துப் பார்த்தால் அப்படி ஒன்று கிடைக்காது.

வர்மமும் இதுவும் ஒன்றுதானே என்று நிறையப் பேர் கேட்பார்கள். புள்ளிகள் சில இடங்களில் பொருந்தும், மனித உடம்பு ஒன்றுதானே. ஆனால் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வரும் கணக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து வளர்ந்தது, அடி முறையோடும் இளக்கு முறையோடும் சேர்ந்தது, வாத பித்த கபத்தோடு பேசுவது. சீனாவோடு தொடர்பு சொல்லப்படும் சித்தர் போகரின் கதையை வைத்து ஒன்று இன்னொன்றிலிருந்து வந்தது என்று முடிவு கட்ட ஆதாரம் போதாது.

இப்போது ஊசி போடும்போது என்னதான் நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஸூசான்லி என்று ஒரு புள்ளி. நோயாளியின் கையாலேயே அளக்க வேண்டும், டாக்டரின் கையால் கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் குழியிலிருந்து நாலு விரல் அகலம் இறங்கினால், முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அழுத்தினால் பலருக்கும் ஒரு மந்தமான வலி தெரியும். கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஊசி, சின்னக் குழாய்க்குள் வைத்துத் தட்டினால் தோலைத் தாண்டிவிடும், எறும்பு கடித்த அளவுகூட இருக்காது. பிறகு மெதுவாக ஒரு அங்குலம் போல உள்ளே இறக்கித் திருகும்போது கணுக்கால் வரைக்கும் ஒரு கனம், விண்விண்ணென்று ஒரு இழுப்பு ஓடும். அதைத்தான் "சி வந்துவிட்டது" என்கிறார்கள். ஊசி பிடித்திருப்பவர் கைக்கும் சதை ஊசியைக் கவ்வுவது தெரியும். இருபது, முப்பது நிமிஷம் அப்படியே விடுவார்கள், சில இடங்களில் ஊசியில் வயர் மாட்டிச் சின்ன மின்சாரம் கொடுப்பார்கள். சூடு காட்டுவது என்றால், காய்ந்த இலையைப் பஞ்சாக இடித்துச் சுருட்டு மாதிரி உருட்டிப் பற்றவைத்துத் தோலுக்கு இரண்டு விரல் மேலே பிடிப்பது. அந்தச் செடி நம் மாசிப்பத்திரி, மரிக்கொழுந்து இனம்தான், மேலே சொன்ன மலேரியா மருந்துச் செடியும் அதே இனம்.

வலி குறைவது எப்படி என்பதில் பீகிங் பல்கலைக்கழகத்தில் ஹான் ஜிஷெங் 1960-களிலிருந்து வேலை செய்தார். ஊசித் தூண்டலால் உடம்பு தானே சுரக்கும், அபின் போல வலியைத் தணிக்கும் ஓபியாய்டுப் பொருள்கள் வெளிவருகின்றன, மின்சார ஊசியில் நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் ஒரு வகை, 100 கொடுத்தால் இன்னொரு வகை என்று காட்டினார். 2010-ல் எலிகளின் ஸூசான்லியில் ஊசி போட்டுத் திருகியபோது அந்த இடத்தில் வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருள் கூடுவதையும் வலி குறைவதையும் அமெரிக்காவில் பார்த்தார்கள். ஆக, ஊசி உடம்பில் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

அதே சமயம் இதையும் கேளுங்கள். ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,007 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீன முறைப்படி ஊசி போட்டவர்களில் 53.1 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தி ஏமாற்று ஊசி போட்டவர்களில் 51.0. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 29.1. கீழ்முதுகு வலியில் 1,162 பேரை வைத்துச் செய்ததிலும் இதே கதை: 47.6, 44.2, 27.4. இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன். ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள், அது சின்ன வித்தியாசம் கிடையாது. ஆனால் எந்தப் புள்ளியில் போட்டோம் என்பது, நூல்கள் சொல்கிற அளவுக்கு முக்கியமாகத் தெரியவில்லை. கவனிப்பு, நம்பிக்கை, அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, தோலைக் குத்துவது என்ற செயலே, எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவை ஒன்றாக்கி 2018-ல் வந்த ஆய்வு, நாள்பட்ட வலியில் உண்மை ஊசி ஏமாற்று ஊசியைவிடக் கொஞ்சம் மேல், அந்தக் "கொஞ்சம்" நிச்சயமானது, ஆனால் சின்னது என்கிறது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதிலும், ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் மேலே உள்ள நெய்குவான் புள்ளியிலும் சான்று பரவாயில்லை.

சர்க்கரை, இதய நோய், புற்றுநோய், தைராய்டு இவற்றை ஊசி குணமாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். இன்சுலினை நிறுத்து, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடு, ரத்தப் பரிசோதனையே செய்யாதே, மருந்துதான் நோய் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் அதைச் சீன மரபின் பெயரில் சொல்கிறார்கள். அந்த மரபு பிறந்த நாட்டில், ஊசி போடும் துறைக்குப் பக்கத்து அறையிலேயே எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனைக்கூடமும் இருக்கின்றன, அங்கே படிக்கும் மாணவர்கள் நவீன மருத்துவமும் சேர்த்தே படிக்கிறார்கள், சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிச்சலுக்காக ஊசி போடும்போது அவர் சர்க்கரை மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டுதான் இருப்பார். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒரு பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும். இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

அம்மாவின் முழங்காலுக்குப் போகலாமா என்றால், போகலாம், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டு. தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளராது, வலி குறையலாம், நடப்பது எளிதாகலாம். பெர்லினில் நடந்த ஒரு ஆய்வில் எட்டாவது வாரத்தில் தெளிவாகத் தெரிந்த பலன் ஒரு வருஷத்தில் மங்கிவிட்டது. நிபுணர் குழுக்களே ஒத்துப்போகவில்லை: அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019-ல் நிபந்தனையோடு சரி என்றது, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுக்காதீர்கள் என்றது, ஜெர்மனியில் மேலே சொன்ன ஆய்வுகளுக்குப் பிறகு முழங்காலுக்கும் முதுகுக்கும் அரசுக் காப்பீடே பணம் தருகிறது. எனக்கு ஜெர்மனிக்காரர்கள் பக்கம்தான் சாய்வு, ஏனென்றால் வயதானவர்கள் வருஷக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

யாரிடம் போவது என்பதில் கவனமாக இருங்கள். மத்திய அரசு 2019-ல் இதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது, மகாராஷ்டிராவில் தனிச் சட்டமே இருக்கிறது, ஆனால் போர்டு மாட்டிய எல்லோருடைய பயிற்சியும் ஒரே தரம் கிடையாது. சில நாள் வகுப்போடு வந்தவரும் உண்டு, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் ஐந்து வருஷத்துக்கு மேல் படித்து அதில் அக்குபங்சரும் கற்றவரும் உண்டு. எங்கே, எத்தனை வருஷம் படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், போட்டதைத் தூக்கி எறிய வேண்டும். முழங்கால் வலிக்கு மார்பிலோ தோள்பட்டை உச்சியிலோ ஆழமாகக் குத்த அவசியமில்லை. அங்கே தப்பாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று இறங்கும், அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால், பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரென்றால், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் ஊசிக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி.

வாரம் ஒன்றிரண்டு என்று எட்டுப் பத்து அமர்வு போய்ப் பார்க்கலாம். அதற்குள் மாடி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஆறு மாசம் வாருங்கள் என்றால் தலையாட்ட வேண்டாம். கூடவே பிசியோதெரபிஸ்டிடம் தொடைத் தசைப் பயிற்சி கற்றுத் தினமும் செய்யச் சொல்லுங்கள், முழங்கால் தேய்மானத்தில் ஊசியைவிட அதற்குத்தான் சான்று அதிகம். முதல் தடவை போகும்போது வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும், படுத்த நிலையில் போடச் சொல்லுங்கள், பசியோடு உட்கார்ந்தபடி ஊசி வாங்கினால்தான் பலருக்குத் தலை சுற்றி மயக்கம் வருகிறது.